அடோல்ஃப் குஸ்மால்

அடோல்ஃப் குஸ்மால் (பெப்ரவரி 22, 1822 – மே 28, 1902) செருமனியைச் சேர்ந்த மருத்துவரும் மருத்துவப் பேராசிரியரும் ஆவார். நீரிழிவு நோய் முற்றிய நிலையில் நோயாளி விடும் ஆழ்ந்த, கடினமான மூச்சு இவர் பெயரால் குஸ்மால் மூச்சு என்று அழைக்கப்படுகிறது. மருத்துவ மாணவர்கள் பெரும்பாலும் இவரை அப்பெயராலேயே அறிவர். எனினும் இவருடைய பணிகளுள் மிக நீண்ட விளைவுகளைக் கொண்டது 1866 இல் நோயியலாளர் ருடோல்ஃப் மையருடன் இணைந்து வெளியிட்ட கட்டுரையாகும். தமனிகளின் சுவரே அழற்சியுற்று உடலின் பல உறுப்புகளை ஒரே காலத்தில் அழிக்கும் நோய் ஒன்றை அக்கட்டுரை முதன்முறையாக முழுமையாக விவரித்தது. குருதிக்குழாய் அழற்சி என இன்று அழைக்கப்படும் நோய்த் தொகுதியைப் பற்றிய அறிவு அதிலிருந்தே வளர்ந்தது. இளம் வயதினருக்குப் பக்கவாதம் ஏற்படும்போது மருத்துவர்கள் தேடிப் பார்க்கும் காரணங்களுள் இந்நோய்த் தொகுதியும் ஒன்று.

பிறப்பும் கல்வியும்

குஸ்மால் செருமனியின் பாடன் பகுதியில், கார்ல்ஸ்ரூ நகருக்கு அருகிலுள்ள கிராபன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையும் மருத்துவரே. நோயாளிகளைக் காணத் தந்தை ஊர் ஊராகச் செல்வதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த இவருக்கு மருத்துவத் தொழிலின் மீது இயல்பாகவே நாட்டம் ஏற்பட்டது.

1840 இல் ஐடல்பேர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். மகப்பேற்று மருத்துவத்தில் புகழ்பெற்ற ஃபிரான்ஸ் நேகெலே, உடற்கூற்றியலாளர் யாக்கோப் ஹென்லே, உள்நோய் மருத்துவர் கார்ல் ஃபோய்ஃபர் ஆகியோர் அங்கு இவருடைய ஆசிரியர்களாக இருந்தனர். நோய்களை வெறும் அறிகுறிகளின் பட்டியலாகக் காணாமல், உடலின் உள்ளே நிகழும் மாற்றங்களுடன் இணைத்துக் காண வேண்டும் என்ற புதிய நோக்கு அக்காலத்தில் அப்பல்கலைக்கழகத்தில் பரவி வந்தது. குஸ்மாலின் பிற்காலப் பணி முழுவதிலும் இந்நோக்கின் செல்வாக்கைக் காணலாம்.

மாணவராக இருந்தபோதே கண்ணின் உட்புறத்தில் தோன்றும் நிறங்களைப் பற்றி ஆராய்ந்து, பல்கலைக்கழகத்தின் பரிசைப் பெற்றார். அவ்வாய்வு 1845 இல் நூலாக வெளிவந்தது. உயிருள்ள மனிதரின் விழித்திரையை நேரில் காண்பதற்கு இவர் ஒரு முயற்சியும் மேற்கொண்டார். ஆயினும் கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தும் வழி இவருக்குப் புலப்படவில்லை. முயற்சி தோல்வியில் முடிந்தது. சில ஆண்டுகளுக்குப் பின்னர் எர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அச்சிக்கலைத் தீர்த்து, 1851 இல் விழி உள்நோக்கியை அறிமுகப்படுத்தினார்.

படிப்பு முடிந்தபின் நேகெலேயிடம் உதவியாளராகப் பணியாற்றினார். பின்னர் வியன்னாவுக்கும் பிராகாவுக்கும் சென்று, ரொக்கிட்டான்ஸ்கி, ஸ்கோடா ஆகியோரின் மருத்துவ முறைகளை நேரில் கண்டறிந்தார். உயிருடன் இருந்தபோது நோயாளியிடம் கேட்டும் தட்டியும் அறிந்தவற்றை, இறந்தபின் உடலைத் திறந்து சரிபார்க்கும் வழக்கம் வியன்னாவில் வேரூன்றியிருந்தது.

படைமருத்துவரும் கிராம மருத்துவரும்

1848 ஆம் ஆண்டுப் புரட்சியின் கொந்தளிப்பான காலத்தில் குஸ்மால் பாடன் படையில் படைமருத்துவராகச் சேர்ந்தார். சுமார் இரண்டு ஆண்டுகள் அப்பணியில் இருந்தார்.

1850 இல் திருமணம் செய்துகொண்டு, கருங்காட்டு மலைப்பகுதியின் தெற்கு ஓரத்தில் அமைந்த காண்டர்ன் என்னும் சிற்றூரில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். மலைக் கிராமங்களுக்கு எல்லாப் பருவங்களிலும் பயணம் செய்ய வேண்டிய கடினமான பணி அது. சில ஆண்டுகளில் இவரே கடுமையாக நோயுற்றார். கால்கள் செயலிழந்தன. நோய் மெல்லத் தணிந்தபோதும் முன்பு போல மலைப்பாதைகளில் அலைந்து மருத்துவம் பார்க்கும் வலிமை இவருக்குத் திரும்பவில்லை. 31 ஆம் வயதில், மனைவியும் குழந்தையும் உள்ள நிலையில், தொழிலைக் கைவிட நேர்ந்தது.

இந்த இடர்ப்பாடே இவரை ஆராய்ச்சிக்குத் திருப்பியது. வூர்ட்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். உயிரணு நோயியலின் தந்தை எனப் போற்றப்படும் ருடோல்ஃப் ஃபிர்க்கோ அப்போது அங்கு பேராசிரியராக இருந்தார். 1855 இல் முனைவர் பட்டம் பெற்ற குஸ்மால், அதே ஆண்டில் ஐடல்பேர்க்கில் விரிவுரையாளர் ஆனார்.

இலக்கிய விளையாட்டு

காண்டர்னில் இருந்து வெளியேறிய காலத்தில் குஸ்மாலின் கைக்கு ஒரு கவிதை நூல் கிடைத்தது. சாமுவேல் ஃபிரெடரிக் சவுட்டர் என்னும் கிராமப் பள்ளி ஆசிரியர் எழுதியது அது. அதிலிருந்த வெள்ளை மனமும், அவரறியாமலே விளைந்த நகைச்சுவையும் இவரைக் கவர்ந்தன. நண்பரும் சட்டவியலாளருமான லூட்விக் ஐக்ரோட்டிடம் அதைக் காட்டினார். இருவரும் சேர்ந்து பீடர்மையர் என்னும் கற்பனை ஆசிரியரைப் படைத்து, அவர் பெயரில் கேலிக் கவிதைகளை எழுதினர். அவை 1855 முதல் மியூனிக் நகரின் நகைச்சுவை இதழ் ஒன்றில் வெளிவந்தன. பின்னாளில் 1815 முதல் 1848 வரையிலான காலத்தின் செருமானிய நடுத்தர வர்க்க வாழ்க்கைமுறை, அறைகலன், ஓவியம் ஆகியவை அனைத்தும் பீடர்மையர் என்ற பெயராலேயே அழைக்கப்படலாயின.

மூளையும் குருதியோட்டமும்

ஐடல்பேர்க்கில் அடோல்ஃப் தென்னர் என்பவருடன் இணைந்து குஸ்மால் செய்த ஆய்வு 1857 இல் வெளிவந்தது. மிகுந்த குருதி இழப்பால் இறக்கும் விலங்குகளுக்கு வலிப்பு ஏற்படுவது ஏன் என்பதே அவ்வாய்வின் கேள்வி. முயல்களின் கழுத்து வழியாக மூளைக்குச் செல்லும் தமனிகளை அழுத்தி அடைத்தபோது, குருதி இழப்பு ஏதும் இல்லாமலேயே அவை நினைவிழந்து வலிப்புற்றன. அடைப்பை விரைவில் நீக்கினால் மீண்டன. மூளைக்குக் குருதி வழங்கல் திடீரென நின்றுபோவதே வலிப்புக்குக் காரணம் என்ற முடிவுக்கு இருவரும் வந்தனர். குருதியின்றி மூளை எவ்வளவு விரைவில் செயலிழக்கிறது, எவ்வளவு காலத்துக்குள் அதை மீட்க முடியும் என்னும் கேள்விகள், பக்கவாத மருத்துவத்தில் இன்றும் முதன்மையானவை.

1859 இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அருகிலிருந்த ஃபூர்ட் நகரில் கண்ணாடித் தொழிலாளர்கள் பாதரசத்தைக் கொண்டு முகம்பார்க்கும் கண்ணாடிகள் செய்து வந்தனர். அவர்களிடம் கைநடுக்கம், வாய்ப்புண், மனத்தடுமாற்றம் முதலியவற்றைக் கண்ட குஸ்மால், பாதரச நஞ்சேற்றத்தைப் பற்றி 1861 இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். மேகப்புண் நோய்க்குப் பாதரசமே அக்காலத்தில் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. எனவே அந்நோயின் முற்றிய அறிகுறிகள் உண்மையில் மருந்தின் தீங்கே என்று சிலர் வாதிட்டனர். இரண்டும் வெவ்வேறானவை என்பதை இந்நூல் தெளிவாக்கியது.

தமனி முடிச்சு நோய்

1863 இல் ஃபிரைபூர்க் பல்கலைக்கழகத்திற்கு மாறினார். குஸ்மாலின் மிகச் சிறந்த ஆய்வுகள் பலவும் இங்கு கழித்த 13 ஆண்டுகளில் நிகழ்ந்தவை.

1865 மே மாதத்தில் 27 வயதுடைய தையல் தொழிலாளி ஒருவர் ஃபிரைபூர்க் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காய்ச்சலும் தளர்ச்சியும் கொண்டு வந்த அவருக்குச் சில நாட்களிலேயே தசைகளில் வலியும் உணர்விழப்பும் தோன்றின. கைகால்கள் வேகமாக வலுவிழந்தன. கடும் வயிற்றுவலி ஏற்பட்டது. சிறுநீரில் புரதம் வெளிப்பட்டது. நரம்பு, தசை, குடல், சிறுநீரகம் என ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாகத் தோன்றும் உறுப்புகள் ஒரே மனிதரிடம் ஒரே காலத்தில் பழுதுபட்டன. அன்று அறியப்பட்ட எந்த நோயுடனும் இது பொருந்தவில்லை. இறுதி நாட்களில் தோலுக்கு அடியில் சிறு முடிச்சுகளைத் தொட்டு உணர முடிந்தது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் அவர் இறந்தார். இவருக்கு அளிக்கக்கூடிய மருந்து எதுவும் குஸ்மாலிடம் இருக்கவில்லை.

பிணப் பரிசோதனையை நோயியல் பேராசிரியர் ருடோல்ஃப் மையர் செய்தார். குடல், இதயம், சிறுநீரகம், தசை ஆகியவற்றின் சிறிய, நடுத்தர அளவுத் தமனிகளில் எண்ணற்ற முடிச்சுகள் வெறுங்கண்ணுக்கே தென்பட்டன. தமனிகளின் சுவர் ஆங்காங்கே தடித்தும், வேறு இடங்களில் பலவீனமாகிப் புடைத்தும் இருந்தது. தடித்த இடங்களில் குருதி செல்லும் வழி குறுகிப் போயிருந்தது.

முதலில் இருவரும் இதைத் தவறாகப் புரிந்துகொண்டனர். குதிரைகளின் குடல் தமனிகளில் புழுக்கள் புகுந்து புடைப்புகளை உண்டாக்குவது அப்போது அறியப்பட்டிருந்தது. மனிதரிடம் காணப்பட்ட முடிச்சுகளும் புழுக்களால் ஆனவையே என்று எண்ணி, அவ்வாறே ஒரு முன்னறிவிப்பையும் வெளியிட்டனர். நுண்ணோக்கியில் மேலும் ஆராய்ந்தபின் அம்முடிவைத் தாங்களே கைவிட்டனர். புழு எதுவும் இல்லை. தமனியின் சுவரிலேயே அழற்சி நிகழ்ந்திருந்தது. இத்திருத்தத்துடன், நோயாளியின் படுக்கையருகே கண்டவற்றையும் நுண்ணோக்கியில் கண்டவற்றையும் இணைத்த முழுக் கட்டுரை 1866 இல் செருமானிய உள்நோய் மருத்துவ ஆய்விதழின் முதல் தொகுதியில் வெளிவந்தது.

இந்நோயை வேறொருவர் முன்பே கண்டிருந்தார். வியன்னாவின் ரொக்கிட்டான்ஸ்கி 1852 இல் இத்தகைய தமனிப் புடைப்புகளைக் குறித்திருந்தார். ஆனால் அவர் அவற்றை நுண்ணோக்கியில் ஆராயவில்லை. அவர் பாதுகாத்து வைத்த மாதிரியைப் பின்னாளில் ஹான்ஸ் எப்பிங்கர் ஆராய்ந்து, 1887 இல் அதுவும் அதே நோயே எனக் காட்டினார். தமனியின் வெளிப்புற அழற்சி என்று பொருள்படும் பெயரையே குஸ்மாலும் மையரும் இட்டனர். அழற்சி சுவரின் முழுத் தடிப்பையும் தாக்குகிறது என்பதால், 1903 இல் என்ரிக்கோ ஃபெராரி பல தமனிகளின் அழற்சி என்று பொருள்படும் பெயரை முன்மொழிந்தார். முடிச்சுப் பன்தமனி அழற்சி என்று தமிழில் குறிப்பிடத்தக்க இப்பெயரே நிலைத்தது.

குருதிக்குழாய் அடைப்புகளைப் பற்றிய இவருடைய ஈடுபாடு இத்துடன் முடியவில்லை. குடலுக்குச் செல்லும் தமனியில் குருதிக்கட்டி அடைப்பதை நோயாளி உயிருடன் இருக்கும்போதே கண்டறிவது பற்றி 1864 இலேயே எழுதியிருந்தார். கழுத்தின் பெருந்தமனிகள் படிப்படியாக அடைபட்டுப்போன இருவரைப் பற்றி 1872 இல் எழுதினார். பின்னர் தக்கயாசு நோய் எனப் பெயர்பெற்ற பெருந்தமனி அழற்சியின் வரலாற்றை எழுதுவோர் இக்கட்டுரையையும் குறிப்பிடுவர். இளம் பெண்களை மிகுதியாகத் தாக்கும் அந்நோயும் பக்கவாதத்தில் முடியக்கூடியது.

இரைப்பை, இதயம், மூச்சு

இரைப்பையின் கீழ்வாய் குறுகியதால் உணவு தேங்கித் துன்புறும் நோயாளிகளுக்கு, குழாய் செலுத்தி இரைப்பையைக் கழுவும் முறையை 1860களின் இறுதியில் நடைமுறைப்படுத்தினார். 1868 இல் வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் துணையுடன், நேரான உலோகக் குழாயை வாய்வழியே இரைப்பை வரை செலுத்திக் காட்டினார். இரைப்பை உள்நோக்கியின் தொடக்கம் இதுவே. ஆயினும் அன்றைய விளக்கின் ஒளி போதாமையால் உள்ளே எதையும் தெளிவாகக் காண இயலவில்லை. மாணவப் பருவத்தில் கண்ணுக்குள் நோக்க முயன்றபோது எதிர்ப்பட்ட அதே தடை இது.

1870 இல் பெரியம்மைத் தடுப்பூசியை ஆதரித்துக் கடிதங்களின் வடிவில் பொதுமக்களுக்காக ஒரு நூல் எழுதினார்.

இதயத்தைச் சூழ்ந்த உறை தடித்து இறுகும் நோயில், மூச்சை உள்ளிழுக்கும்போது மணிக்கட்டில் நாடி மறைவதையும் கழுத்து நாளங்கள் புடைப்பதையும் 1873 இல் விவரித்தார். அடுத்த ஆண்டில், நீரிழிவால் நினைவிழந்த நோயாளிகளின் மூச்சைப் பற்றி எழுதினார். காற்றுவழியில் தடை ஏதும் இல்லாதபோதும் அவர்கள் காற்றுக்கு ஏங்குபவர்கள் போல ஆழமாக மூச்சு விட்டனர். குருதியில் அமிலம் மிகும்போது, அதைக் குறைக்க உடல் கரியமில வாயுவை வேகமாக வெளியேற்றுவதே இம்மூச்சு என்பது பின்னர் விளங்கியது.

ஸ்ட்ராஸ்பூர்க்கும் பேச்சுக் கோளாறுகளும்

1876 இல் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியரானார். மறு ஆண்டில் பேச்சுக் கோளாறுகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களைப் பற்றிய ஆய்வு அப்போது விரைந்து வளர்ந்து வந்தது. 1861 இல் பிரான்சில் போல் புரோக்காவும், 1874 இல் செருமனியில் கார்ல் வெர்னிக்கேயும் மூளையின் குறிப்பிட்ட பகுதிகளைப் பேச்சுடன் தொடர்புபடுத்தியிருந்தனர். குஸ்மால் தம் நூலில் பேச்சை ஒரே ஆற்றலாகக் கொள்ளாமல், கேட்டல், பொருளுணர்தல், சொல்லைத் தேர்தல், ஒலித்தல், படித்தல், எழுதுதல் எனத் தனித்தனிச் செயல்களின் கூட்டாகக் கண்டார். பார்வையும் பேச்சும் அறிவும் நன்றாக இருந்தும் எழுத்தைப் படிக்க மட்டும் இயலாத நிலையைச் சொற்குருடு என்று பெயரிட்டு வேறுபடுத்தினார். படிப்பதில் இடர்ப்படும் குழந்தைகளைப் பற்றிய பிற்கால ஆய்வுகள் இக்கருத்திலிருந்தே தொடங்கின.

இறுதிக்காலம்

1888 இல் ஓய்வு பெற்று ஐடல்பேர்க்குக்குத் திரும்பினார். இவருடைய மருமகனும் புகழ்பெற்ற அறுவை மருத்துவருமான வின்சென்ஸ் செர்னி அந்நகரில்தான் பணியாற்றி வந்தார். முதிய மருத்துவர் ஒருவரின் இளமை நினைவுகள் என்று பொருள்படும் தலைப்பில் குஸ்மால் எழுதிய தன்வரலாறு 1899 இல் வெளிவந்து பலராலும் விரும்பிப் படிக்கப்பட்டது. 1902 மே 28 அன்று, 80 ஆம் வயதில், ஐடல்பேர்க்கில் காலமானார்.

பிற்கால மருத்துவத்தில் இவருடைய கண்டுபிடிப்பு

1866 ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின்னர் தமனி அழற்சி நோய்கள் பல வகையின என்பது தெரியவந்தது. 20ஆம் நூற்றாண்டில் அவை தாக்கும் குழாய்களின் அளவைக் கொண்டு பிரிக்கப்பட்டன. முடிச்சுப் பன்தமனி அழற்சி சிறிய, நடுத்தரத் தமனிகளைத் தாக்கும் வகையைச் சேர்ந்தது. நடுவயதினரிடம் மிகுதியாகக் காணப்பட்டாலும் எந்த வயதிலும் வரலாம். சிலரிடம் கல்லீரல் அழற்சி பி தீநுண்மம் இந்நோயைத் தூண்டுவது 1970 இல் கண்டறியப்பட்டது. அத்தீநுண்மத்திற்கான தடுப்பூசி பரவியபின் அவ்வகை அரிதாகி வருகிறது.

இந்நோயில் கைகால் நரம்புகள் பாதிக்கப்படுவதே மிகுதி. மூளையின் தமனிகள் தாக்கப்பட்டால் பக்கவாதம் ஏற்படுகிறது. அழற்சியால் தடித்த சுவர் குருதியின் வழியைக் குறுக்கும். உட்புறம் கரடுமுரடாவதால் குருதி உறைந்து அடைக்கும். பலவீனமாகிப் புடைத்த இடம் வெடித்தால் மூளைக்குள் குருதி கசியும். முதியோரின் பக்கவாதத்திற்குப் பெரும்பாலும் காரணமான உயர் குருதி அழுத்தமும் கொழுப்புப் படிவும் இல்லாத இளைஞர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, அதனுடன் காய்ச்சல், எடை குறைதல், தோலில் முடிச்சு, வயிற்றுவலி முதலியன இருப்பின், தமனி அழற்சியை ஐயுற வேண்டும். ஃபிரைபூர்க்கின் தையல் தொழிலாளியிடம் காணப்பட்டது போலவே, பல உறுப்புகளின் தொல்லைகளை ஒரே நோயின் வெளிப்பாடாகக் காண்பதே இங்கும் கண்டறிதலுக்கு வழி.

2014 இல் இவ்வழியில் மேலும் ஒரு படி எடுத்து வைக்கப்பட்டது. குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் மீண்டும் மீண்டும் பக்கவாதமும், முடிச்சுப் பன்தமனி அழற்சியை ஒத்த அறிகுறிகளும் கொண்ட சில குடும்பங்களில், பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் குறைபாடு ஒன்று காரணமாக இருப்பதை இரு ஆய்வுக் குழுக்கள் வெளியிட்டன. அடினோசின் டிஅமினேசு 2 என்னும் நொதியின் குறைபாடே அது. இக்குறைபாட்டைக் கண்டறிவது உயிர்காக்கும் செயலாகும். ஏனெனில் கழலை நசிவுக் காரணி எனப்படும் அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள், இவர்களுக்குப் பக்கவாதம் மீண்டும் வருவதைப் பெரிதும் குறைக்கின்றன. பிற பக்கவாத நோயாளிகளுக்கு வழக்கமாகத் தரப்படும், குருதி உறைவதைத் தடுக்கும் மருந்துகளோ இவர்களுக்கு மூளைக் குருதிக்கசிவு அச்சத்தால் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன.

மற்ற நோயாளிகளுக்கு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கார்ட்டிசோன் வகை மருந்துகளும், 1970களிலிருந்து சைக்ளோபாசுபமைடு போன்ற எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும் பயன்பட்டு வருகின்றன. குஸ்மாலின் காலத்தில் சில வாரங்களில் மரணத்தில் முடிந்த நோய், தக்க நேரத்தில் கண்டறியப்பட்டால் இன்று பெரும்பாலும் கட்டுப்படுத்தக்கூடியதாக உள்ளது.

குஸ்மால் பெயரால் வழங்குபவை

குஸ்மால் மூச்சு – குருதியில் அமிலம் மிகும்போது, சிறப்பாக நீரிழிவில், காணப்படும் ஆழ்ந்த மூச்சு.

குஸ்மால் அறிகுறி – மூச்சை உள்ளிழுக்கும்போது கழுத்து நாளங்கள் தளராமல் புடைத்தல்.

குஸ்மால்–மையர் நோய் – முடிச்சுப் பன்தமனி அழற்சியின் மற்றொரு பெயர்.